முதல் பிள்ளை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா? மலையகத் தாய்மாரின் கேள்விகளும் பதில்களும்

மூத்த பிள்ளையை சிசேரியனில் பெற்றவர்கள் அடுத்ததைச் சுகமாகப் பெற முடியுமா என்று கேட்டு அனுப்பிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைகளில் தாதியாக வேலை செய்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு எடுக்க வேண்டியது நீங்களும் உங்களைப் பார்க்கும் விஓஜி டொக்டரும்தான் (விஓஜி என்றால் மகப்பேற்று நிபுணர்). அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவினால் போதும்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி: மூத்தவன் தலை திரும்பாமல் கால் பக்கமாக இருந்ததால் சிசேரியன் செய்தார்கள், மிஸ். இப்போது 30 கிழமை. ஸ்கேனில் தலை கீழே இருக்கிறது. நோர்மலாகப் பெற எவ்வளவு வாய்ப்பு?

நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் 100க்கு 72 முதல் 75 பேர் அப்படியே பெற்றிருக்கிறார்கள். பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் அரச கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள கணக்கு இது. ஆனால் இது எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்த சராசரி. முதல் சிசேரியனை எதற்காகச் செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு மாறும். பிள்ளை திரும்பாமல் இருந்ததற்காகச் செய்தவர்களில் 100க்கு 84 பேர், பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பில் பிரச்சினை வந்து செய்தவர்களில் 73 பேர், வலி வந்தும் பாதியில் நின்றுபோனதால் செய்தவர்களில் 64 பேர். நீங்கள் முதல் கூட்டத்தில் இருக்கிறீர்கள். போன தடவை பிள்ளை படுத்திருந்த விதம்தான் காரணம். உங்கள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. 36 கிழமையில் தலை கீழேதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு முதல் தடவை வலி வந்து ஒரு நாள் முழுக்கக் கிடந்தும் பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் ஒபரேஷன். உயரம் 148 சென்ரிமீற்றர். இடுப்பு சின்னது, இனி எல்லாம் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "இடுப்பு சின்னது" என்ற பேச்சை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் லேசாகச் சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலும் சில நேரம் அவசரத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இடுப்பை எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்த்தாலும் யார் பெறுவார், யார் பெறமாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. உயரம் குறைந்தவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் குறைகிறது என்பது உண்மைதான். அதற்காகக் கதவு மூடிவிடவில்லை.

"பிள்ளை இறங்கவில்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் பல கதைகள் இருக்கும். கர்ப்பப்பை வாய் 3 சென்ரிமீற்றரிலேயே நின்றதா, 10 வரை திறந்து தள்ளும்போது நின்றதா? வலி தானாக வந்ததா, மருந்து வைத்து வர வைத்ததா? பிள்ளையின் முகம் மேலே பார்த்தபடி இருந்ததா? பிள்ளை எத்தனை கிலோ? முகம் மேலே பார்த்திருந்த பிள்ளை சிக்கிக்கொண்டது என்றால் அடுத்த பிள்ளையும் அப்படியே படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. நாலு கிலோவுக்கு மேலான பிள்ளை என்றால் அதுவும் வேறு கணக்கு.

இதற்கெல்லாம் பதில் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டயக்னோஸிஸ் கார்ட்டில் ஓரளவு இருக்கும். பெட்டியில் தேடி எடுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், உங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்வார். லயத்தில் தீப்பிடித்தோ வெள்ளத்திலோ போய்விட்டது என்றால், பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்குத் திகதியோடு எழுதிக் கேட்கலாம். அந்த ஒரு தாள் கிளினிக்கில் நீங்கள் வாய்ச்சொல்லாகச் சொல்லும் எதைவிடவும் பெறுமதியானது.

இன்னொன்று. பிள்ளை சின்னதாக இருந்தால் லேசாகப் பெறலாம் என்று சோற்றைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் தோட்டங்களில் ஏற்கெனவே நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் அதிகம்.

ஹட்டனிலிருந்து ஒரு ஆசிரியை: இணையத்தில் ஒரு கணிப்பானில் விவரம் போட்டேன். 52 சதவீதம் என்று வந்தது. இதை நம்பி முடிவு எடுக்கலாமா?

நீங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் அமெரிக்காவில் 2007இல் குரோப்மன் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கணிப்பானாகவோ அதன் புதிய வடிவமாகவோ இருக்கும். வயது, உயரம், நிறை, முன்பு சுகப்பிரசவம் ஆனதா, முதல் சிசேரியனுக்குக் காரணம் வலி நின்றுபோனதா போன்றவற்றைக் கேட்கும். பழைய வடிவம் தாயின் இனத்தையும் கேட்டு, சில இனத்தவருக்கு எண்ணைக் குறைத்துக் காட்டியது. அது அநியாயம் என்று எதிர்ப்பு வந்து, 2021இல் இனத்தை நீக்கிவிட்டுத் திருத்தினார்கள். எப்படி ஆனாலும் அது அமெரிக்கப் பெண்களின் கணக்கில் இருந்து செய்தது. நம் பெண்களின் உடல்வாகு வேறு.

எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது. வாய்ப்பு 60, 70 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு, முயன்று பார்ப்பதால் வரும் சிக்கல்கள் திட்டமிட்ட சிசேரியனில் வருவதைவிட அதிகமில்லை. அதற்குக் கீழே போகப்போக, முயன்று முடியாமல் அவசர ஒபரேஷனில் முடியும் ஆபத்து கூடுகிறது. சிக்கல்கள் அதிகம் வருவதும் அந்த அவசர ஒபரேஷனில்தான். 52 என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய எண். "முடியாது" என்று அர்த்தமில்லை.

அப்புறம், கிளினிக்கில் போட்ட எண் கடைசி எண்ணும் அல்ல. வலி தானாக வந்து, பிரசவ அறைக்கு வரும்போதே கர்ப்பப்பை வாய் மெலிந்து 4 சென்ரிமீற்றர் திறந்திருந்தால் வாய்ப்பு நன்றாக உயர்கிறது. 1997இல் ஃபிளாம், கைகர் என்ற இருவர் வெளியிட்ட புள்ளிமுறை இதைத்தான் கணக்கில் எடுக்கிறது. அதனால் "வலி வந்த பிறகு மறுபடி பார்த்து முடிவு செய்யலாமா?" என்று டொக்டரிடம் கேளுங்கள்.

இராகலையிலிருந்து: ஒரு தடவை வெட்டினால் எப்போதும் வெட்டுத்தான், இல்லாவிட்டால் உள்தையல் பிரிந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார்.

அந்தப் பேச்சு உங்கள் மாமியார் கண்டுபிடித்தது அல்ல. 1916இல் நியூயோர்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். அந்தத் தழும்பு வலியில் பிரியும் அபாயம் அதிகம். இப்போது பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அந்தத் தழும்பு, சுகப்பிரசவத்துக்கு முயலும் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் பிரிகிறது. குறைவுதான், ஆனால் பிரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. மாமியாரின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள்.

வெளியே தோலில் தெரியும் கோட்டை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. மிகவும் குறைமாதத்தில் எடுத்த பிள்ளை என்றால் தோலில் குறுக்குக் கோடு இருந்தும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். நெடுக்கு வெட்டு என்றால் முயற்சியே வேண்டாம். ஸ்கேனில் தழும்பின் தடிப்பை அளந்து சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இவ்வளவு இருந்தால் பயமில்லை என்று எல்லாரும் ஏற்ற அளவு ஒன்றும் கிடையாது.

பசறையிலிருந்து: முதலாவது நோர்மல், இரண்டாவது சிசேரியன். மூன்றாவதுக்கு?

உங்களுக்குத்தான் எல்லாரையும்விட நல்ல வாய்ப்பு. ஒரு தடவையாவது சுகப்பிரசவம் ஆகியிருந்தால் 100க்கு 85 முதல் 90 வரை போகிறது. வேறு எந்தக் காரணமும் இதற்கு ஈடாகாது.

தலவாக்கலையிலிருந்து: மகளுக்கு 8 மாதம் ஆகும்போதே மறுபடி தங்கிவிட்டது. முன்னது சிசேரியன்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையில் 12 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் தழும்பு பிரியும் ஆபத்து கூடுகிறது. உங்களுக்கு நாள் நிறையும்போது ஏறத்தாழ 17 மாதம் ஆகியிருக்கும். அதனால் வழி அடைபடவில்லை, ஆனால் தாராளமான இடைவெளியும் இல்லை. இதை விஓஜியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நானுஓயாவிலிருந்து: நாள் தாண்டிவிட்டால் சேலைன் ஏற்றி வலி வர வைப்பார்களா?

சில இடங்களில் செய்கிறார்கள், மிகக் கவனமாக. மருந்தால் வலியை வர வைத்தால் அல்லது கூட்டினால் தழும்பு பிரியும் ஆபத்து 2, 3 மடங்காகிறது, மறுபடி சிசேரியனாகும் வாய்ப்பும் ஒன்றரை மடங்காகிறது. கர்ப்பப்பை வாயைத் திறக்க வைக்கும் புரொஸ்டகிளாண்டின் மருந்தைவிட பலூன் வைப்பதில் ஆபத்து குறைவு. எந்த முறை, யார் முடிவு செய்கிறார், இரவில் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

லுணுகலையிலிருந்து: இரண்டு சிசேரியன் ஆனவர்கள்?

விஓஜி நேரில் பார்த்து சம்மதித்தால் சிலர் முயலலாம். வெற்றி ஏறத்தாழ 71 சதவீதம். தழும்பு பிரிவது 1.36 சதவீதம். இன்னும் பிள்ளைகள் வேண்டும் என்றால் இதையும் யோசியுங்கள்: ஒவ்வொரு சிசேரியனுக்கும் பிறகு, நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. அப்படி ஒட்டினால் இரத்தப் போக்கு கடுமையாகி, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

கொட்டகலையிலிருந்து: "எப்படியும் எல்.ஆர்.டி. (குழாயைக் கட்டும் கருத்தடை ஒபரேஷன்) செய்யத்தானே போகிறாய், சிசேரியனோடு சேர்த்து முடித்துவிடலாம்" என்கிறார்கள். சரியா?

கருத்தடைக்காக மட்டும் வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. சுகப்பிரசவம் ஆனாலும், அடுத்த சில நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில் அதைச் செய்யலாம், பிறகு ஆறுதலாகவும் செய்யலாம். செய்வதா வேண்டாமா என்பது உங்கள் சொந்த முடிவு. வலியில் இருக்கும்போது நீட்டும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கிளினிக் நாட்களில் உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கச் சொல்லி, யோசித்துச் சொல்லுங்கள். இதில் நம் தோட்டத்துப் பெண்கள் தலையாட்டியே பழகிவிட்டார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் மனவேதனை.

அக்கரப்பத்தனையிலிருந்து: இரும்புச் சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், ஆனாலும் இரத்தம் ஏறவில்லை என்கிறார்கள். இதற்கும் பிரசவத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எந்த வழியில் பெற்றாலும் இரத்தம் போகும்; ஏற்கெனவே குறைவாக இருந்தால் தாங்காது. குளிசையை எதோடு குடிக்கிறீர்கள்? தேத்தண்ணியோடு என்றால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. வெறும் தண்ணீரில், தேத்தண்ணிக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

சாமிமலையிலிருந்து ஒரு அக்கா: தங்கைக்கு விஓஜி சரி என்று சொல்லிவிட்டார். எங்கள் டிவிஷனில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வெகுநேரம் ஆகும். வலி வந்தால் முதலில் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

வேண்டாம் அக்கா. சிசேரியன் தழும்பு உள்ளவர் பிரசவிக்க வேண்டிய இடத்தில் 24 மணி நேரமும் சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து கொடுப்பவர், இரத்தம் மூன்றும் இருக்க வேண்டும். தழும்பு பிரிந்தால் நிமிடக் கணக்கில் பிள்ளையை எடுக்க வேண்டும். இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் பிரசவ அறையில், பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் சிடிஜி பெல்ட்டை வயிற்றில் கட்டி விடாமல் பார்த்துக்கொண்டே இருப்போம். பெரும்பாலும் முதல் எச்சரிக்கை பிள்ளையின் துடிப்பு விழுவதில்தான் தெரியும். வலிக்கும் வலிக்கும் இடையில் விடாத நோவு, தழும்புப் பக்கம் தொட முடியாத வேதனை, சிவப்பு இரத்தம், நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நிற்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். மொழி தெரியாவிட்டால் கையைக் காட்டியாவது சொல்லச் சொல்லுங்கள்.

பாதையையும் யோசியுங்கள். உங்கள் பக்கம் ஆனி, ஆடி மழையிலும், பதுளைப் பக்கம் கார்த்திகை, மார்கழியிலும் மண் சரிந்து பாதை அடைபடுவது உண்டு. வெகுதூரத்தில் இருப்பவர் என்று சொல்லி, நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வாட்டில் சேர்க்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால், வலி ஆரம்பித்ததும் கிளம்புங்கள். பன்னீர்க்குடம் உடையக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. உங்கள் லயம் வரை வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்தியில் நிற்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டயக்னோஸிஸ் கார்ட்டும் கர்ப்பவதி அட்டையும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும்.