குக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கேள்வி: ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வசிக்கிறோம். அக்டோபர் இரண்டாவது வாரம் நான், கணவர், இரண்டு வயது மகன், மூவரும் ஏழு நாள் மால்டா போகிறோம். மதுரையிலிருந்து அம்மா மூன்று மாத விசாவில் வந்திருப்பதால் அவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டோம். பையனைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு சுத்த சைவம். “நான் ரூம்லயே இருந்துக்குறேன், நீங்க சுத்திட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். சின்ன குக்கர், அரிசி, பருப்பு, ரசப்பொடி எல்லாம் இப்போதே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார். நாங்களும் சமையலறை உள்ள வீடாகப் பிடித்திருக்கிறோம். அஸ்யூர் விண்டோ, ப்ளூ லகூன், பூமிக்கு அடியில் இருக்கும் அந்தக் கல்லறை மூன்றையும் விடக்கூடாது என்கிறார் கணவர். வேறு என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?
— ஒரு வாசகி

பதில்: மால்டாவைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தக் குக்கர்.

மகளோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த ஒரு பெண், வாழ்க்கையில் முதல்முறையாக மத்தியதரைக் கடல் தீவு ஒன்றுக்குப் போகப்போகிறார். அதற்கு அவர் எடுத்து வைத்தது குக்கரும் ரசப்பொடியும். ஒரு நல்ல புடவையைப் பற்றியோ, நடக்கத் தோதான செருப்பைப் பற்றியோ உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தன்னை எதற்காக அழைத்துப் போகிறீர்கள் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சமையலறை உள்ள வீட்டைப் பிடித்ததிலேயே எல்லாம் சொல்லியாயிற்று. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு லண்டனிலிருந்து வரும், டல்லாஸிலிருந்து வரும், சிட்னியிலிருந்தும் வரும். ஊர்தான் மாறும், பெட்டிக்குள் இருக்கும் குக்கர் மாறாது.

“அம்மாவே ரூமில் இருக்கிறேன் என்கிறாரே” என்பீர்கள். அவர் அதை எப்போது சொன்னார், அம்மணி? நீங்கள் வீடு பிடிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்த தலைமுறை அது. அதை அப்படியே நம்பிக்கொள்வது நமக்குச் சௌகரியம், அவ்வளவுதான். முழங்கால் வலி நிஜம், மறுக்கவில்லை. ஆனால் அதே முழங்காலோடுதானே உங்கள் வீட்டில் இத்தனை நாளாக அடுப்படியில் நிற்கிறார், இரண்டு வயதுப் பையன் பின்னால் ஓடுகிறார்? அதற்கெல்லாம் வலிக்காத கால், ஊர் பார்க்கப் போனால் மட்டும் வலிக்குமா?

இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேரனைத் தூக்குவது பாட்டியின் ஆசை. அதை அவர் தலையில் வேலையாகக் கட்டக்கூடாது. அவர் பிள்ளை வளர்க்க வேண்டிய காலம் உங்களோடு முடிந்துவிட்டது. கடமை என்று இப்போது ஏதாவது இருந்தால் அது உங்கள் பக்கம்தான். விமானத்தில் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டு போய், ஜன்னல் வழியே கடலைக் காட்டிவிட்டு, சாதம் வடிக்க விடுவது கடமையில் சேராது.

சரி, இனி ஊருக்கு வருவோம். மால்டா, கோசோ, கொமினோ என மூன்று தீவுகளும் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான்; சென்னை மாநகராட்சியைவிடச் சின்னது. ஆகவே ‘தூரம், அம்மாவால் முடியாது’ என்ற சாக்கு இங்கே செல்லாது. தாழ்தளப் பேருந்துகள் தீவு முழுக்க ஓடுகின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஜெர்மனியைப் போல மால்டாவும் ஒன்று என்பதால் அம்மாவின் விசா அப்படியே செல்லும். பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: விமான நிறுவனத்திடம் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டால் போதும், இரண்டு விமான நிலையத்திலும் வீல்சேர் உதவி இலவசமாகக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமே அது. “எனக்கெதுக்கு வீல்சேரு” என்று அம்மா வெட்கப்படுவார். கேட்காதீர்கள், பதிவு செய்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். அஸ்யூர் விண்டோ இப்போது இல்லை. 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் அந்தக் கல் வளைவு இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அவர் பார்த்தது பழைய படம். ப்ளூ லகூன் இருக்கிறது, அழகுதான், ஆனால் கொமினோ என்ற அந்தக் குட்டித் தீவில் நிழல் கிடையாது, கூட்டம் நெரியும், உட்காரப் பாறைதான். அம்மாவையும் குழந்தையையும் அங்கே இழுத்துப் போகாதீர்கள். நீங்களும் கணவரும் மட்டும் ஒரு காலை நேரம் போய்விட்டு மதியத்துக்குள் திரும்புங்கள். அந்த அரை நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொன்னேன்.

மூன்றாவது, ஹால் சஃப்லியேனி ஹைபோஜியம். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் கட்டிய கல்லறை. 1902-இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். சுவர் கெடாமலிருக்க மணிக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள், ஆறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம். கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். அங்கே கிடைத்த மிகச் சிறந்த பொருள் தலைநகர் வலெட்டாவில் ரிபப்ளிக் தெருவில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுடுமண் பொம்மை: கனத்த இடுப்புள்ள ஒரு பெண், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு அணையாக வைத்து, நிம்மதியாகத் தூங்குகிறாள். அவளை எழுப்ப யாரும் வரவில்லை. அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

வலெட்டாவில் ஒரு முழு நாள் வையுங்கள். 1565-இல் உதுமானியப் படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய மறு வருடம், அப்போது மால்டாவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பான புனித ஜான் சபையின் வீரர்கள் கட்டத் தொடங்கிய ஊர். பக்கத்துத் தெருக்கள் பலவும் இரு புறமும் படிக்கட்டாகக் கடலை நோக்கி இறங்கும். அதில் அம்மாவை இறக்காதீர்கள். ரிபப்ளிக் தெருவிலேயே நடங்கள். துறைமுகப் பக்கம் இறங்க வேண்டுமென்றால் மேட்டிலுள்ள பராக்கா தோட்டத்திலிருந்து 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது. தோட்டத்தில் மதியம் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். பையனின் காதைப் பொத்துங்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் பெரிய துறைமுகம் முழுக்கக் கண்ணில் விழும். அங்கே அம்மாவை அரை மணி நேரம் சும்மா உட்கார விடுங்கள், பையன் அவர் மடியில் இல்லாமல்.

புனித ஜான் இணைப் பேராலயம் பக்கத்திலேயே இருக்கிறது. தரை முழுக்க வண்ணப் பளிங்கில் சபை வீரர்களின் கல்லறைகள், எலும்புக்கூடும் மண்டையோடுமாக இழைத்திருப்பார்கள். பளிங்கு கெடும் என்று குதிகால் செருப்பை அனுமதிப்பதில்லை. அது உங்களுக்குத்தான், அம்மாவுக்கு அல்ல. உள்ளே இத்தாலிய ஓவியர் கராவாஜியோ 1608-இல் வரைந்த ‘திருமுழுக்கு யோவானின் தலை வெட்டு’ ஓவியம் இருக்கிறது. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டது என்று தெரிந்த ஒரே ஓவியம் அதுதான்.

கோசோ தீவுக்கு இன்னொரு முழு நாள். மால்டாவின் வடக்கு முனையிலிருந்து படகு சுமார் 25 நிமிடம். போகும்போது காசு வாங்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். அங்கே ஜிகந்தியா கோயில்கள். கி.மு. 3600 அளவில் கட்டியவை, எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்தவை. இவ்வளவு பெரிய கல்லை மனிதர் தூக்கியிருக்க முடியாது என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. மொச்சை வகைப் பயறும் தேனும் மட்டும் தின்று வாழ்ந்த ஓர் அரக்கி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே கல் சுமந்து கட்டினாளாம். உங்கள் அம்மாவுக்கு இந்தக் கதை ஒன்றும் புதிதாக இருக்காது.

அதே தீவில் தா பீனு மாதா கோயில். 1883-இல் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இங்கே குரல் கேட்டது என்பது நம்பிக்கை. இப்போதுள்ள பெரிய ஆலயம் அதற்குப் பின் எழுந்தது. பலிபீடத்தின் பக்கத்து அறைகளில் நேர்த்திக்கடன் பொருள்கள் சுவர் கொள்ளாமல் தொங்கும்: குழந்தைச் சட்டை, ஊன்றுகோல், மாவுக்கட்டு, ஹெல்மெட், நன்றிக் கடிதங்கள். மதுரைக்காரருக்கு அங்கே விளக்கம் எதுவும் தேவைப்படாது. உங்களைவிட அதிக நேரம் நிற்பார். அவசரப்படுத்தாதீர்கள். திரும்பும் வழியில் நேரமிருந்தால் ஷ்வேய்னி உப்பளம். கடலோரப் பாறையில் சதுரம் சதுரமாக வெட்டிய பாத்திகள்.

குழந்தைக்கு மெல்லீஹா கடற்கரை. மணல், ஆழமில்லாத தண்ணீர், சாலையிலிருந்து இறங்கினால் கடல். அக்டோபரிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இருந்தால் மார்சஷ்லோக் என்ற மீனவர் ஊரின் சந்தை; படகுகளின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள், பையனுக்குப் பிடிக்கும். பழைய தலைநகரான ம்தீனாவின் மதிலுக்குள் ஒரு மாலை. மோஸ்தா ஆலயத்தை வழியில் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் உள்ளே வழிபாட்டுக்குக் கூட்டம் கூடியிருந்தபோது ஒரு குண்டு குவிமாடத்தைத் துளைத்து விழுந்து, வெடிக்காமலே கிடந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

இனி சாப்பாடு. உங்களுக்கும் கணவருக்கும் முயல் குழம்பும், அக்டோபரில் வரும் லம்பூக்கி மீனும் கிடைக்கும், அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அம்மாவுக்கு என்ன என்பதுதான் கேள்வி. பிகில்லா இருக்கிறது: பயறை வேகவைத்து மசித்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டது. ஹோப்ஸ் பிஸ்ஸேய்த் என்று ஊர் ரொட்டியில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்டுத் தருவார்கள். டூனா மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கபுனாத்தா, கத்தரிக்காயும் குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த கூட்டு. தெருமுனைக் கடைகளில் பஸ்டிட்ஸி சுடச்சுடக் கிடைக்கும். இரு முனையும் கூரான, இதழ் இதழாகப் பிரியும் பண்டம், கடித்தால் மேல்தோல் மடி முழுக்க உதிரும். பட்டாணி வைத்ததை வாங்குங்கள். ஆனால் பழைய முறையில் மாவுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், கடையில் கேட்டுவிட்டுத்தான் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி, கேட்பதில் சிரமம் இல்லை. மாலையில் பேரீச்சம்பழம் உள்ளே வைத்து எண்ணெயில் பொரித்த இம்மாரெத், அதுவும் கேட்டுவிட்டு. சாலையோரக் கல் சுவரெல்லாம் சப்பாத்திக்கள்ளியாக இருக்கும். அதன் பழத்தை அம்மா உங்களுக்கு முன்னால் அடையாளம் கண்டுகொள்வார்.

வலெட்டாவிலும் ஸ்லீமா பக்கத்திலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. சோறு இல்லாமல் முடியவில்லை என்றால் அங்கே போய் உட்கார்ந்து, யாரோ பரிமாற அம்மா சாப்பிடட்டும். விலையை மட்டும் அவர் கண்ணில் காட்டாதீர்கள். யூரோவை நூறால் பெருக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு நானே வச்சிருப்பேனே” என்று ஆரம்பித்துவிடுவார்.

ஏழு நாளில் ஒரு அரை நாள் நீங்களும் அம்மாவும் மட்டும். பையனை உங்கள் கணவர் பார்த்துக்கொள்வார். தா பீனுவோ, ம்தீனாவோ, இடம் உங்கள் இஷ்டம். உங்கள் கடிதத்தில் கணவர் மூன்று இடங்களை விரும்புகிறார். குழந்தை விஷயத்தில் அவர் பெயரையே காணோம். பெற்றவர் அவரும்தான். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். பையனுக்குச் சோறு ஊட்டவோ, தூங்க வைக்கவோ தெரியாது என்பாரானால், அக்டோபர் இரண்டாவது வாரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பழகிக்கொள்ளட்டும்.