சனிக்கிழமை மண்டபம் – கடிதம்

வணக்கம் ஐயா,

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம் எனக்கு. வயது 24. நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோதுதான் கஜா புயல் வந்தது. நூற்று எண்பது தென்னையில் பதினொன்று நின்றது. ரிசல்ட் வந்தபோது 600-க்கு 471. காலேஜ் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன்.

பக்கத்து ஊர் மாதா கோயிலில் இந்த வருஷம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பி.ஏ.வில் சேர உதவி செய்கிறார்கள். பாடமெல்லாம் போனிலேயே வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கோயில் மண்டபத்துக்குப் போக வேண்டும். ஒரு சிஸ்டர் இருப்பார், கம்ப்யூட்டரும் வைஃபையும் உண்டு. பீஸில் ஒரு பகுதியை மாதா கோயிலே கொடுக்கிறது. எந்த மதத்துக்காரரும் சேரலாம் என்று ஃபாதர் சொன்னார். அம்மாவுக்கு, மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயம். கடையில் ஓர் அண்ணன் "ஆன்லைன் டிகிரியெல்லாம் டிகிரியா?" என்கிறார். எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் இடிக்கிறது. எல்லாம் போனில் வரும்போது எதற்கு வாராவாரம் போய் உட்கார வேண்டும்? போக முக்கால் மணி நேரம் பஸ். கடையில் சனிக்கிழமை கூட்டம் வேறு. போகாமலே சமாளிக்கலாம் என்று சேர்ந்த பெண்கள் சொல்கிறார்கள். சும்மா ஒரு டிகிரிதானே.

சேரலாமா ஐயா?

க.

அன்புள்ள க.,

சேருங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் 'சும்மா' என்று ஒரு சொல் இருக்கிறது. மூன்று நாளாக அது என்னைத் தூங்க விடவில்லை.

முதலில் அந்த அண்ணனை முடித்துவிடுகிறேன். யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டமும், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம். 2020-ஆம் ஆண்டின் விதிமுறையிலேயே இது இருக்கிறது. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இன்னொரு முறையும் சொன்னது, உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த அனுமதி இல்லை. எல்லாப் படிப்புக்கும் இல்லை. நர்சிங், சட்டம், பொறியியல் எல்லாம் இந்த வழியில் கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிடுங்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. நீங்கள் சேரும் வருஷத்துக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் உங்கள் பாடத்தின் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள், ஃபாதர் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். சேரும் முன் 'டெப் ஐடி' என்று ஓர் எண் எடுக்கச் சொல்வார்கள், அதையும் உங்கள் கையால் எடுங்கள்.

பணம் விஷயம். பல்கலைக்கழகம் தன் படிப்பை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட விதி இடம் தரவில்லை. மாதா கோயில் உங்களுக்கு இடம் தரலாம், வைஃபை தரலாம், பீஸில் பாதியைக்கூடத் தரலாம். பாடம் நடத்துவதும் பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை. ஆகவே உங்கள் பங்குப் பணம் நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போய், அவர்கள் பெயரில் ரசீது வர வேண்டும். நல்ல மனசுக்காரர் கையில் கொடுத்தாலும் ரசீது ரசீதுதான். பல்கலைக்கழகம் வெளிநாடு என்றால் சேரும் முன் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு தலைவலி.

அம்மாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவர்களை ஒருநாள் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய கோயில் இருக்கிறது. உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். பாதிரியார் சாகக் கிடக்கிறார், இரண்டாம் சரபோஜி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் சரபோஜியே பணம் கொடுத்துச் செய்வித்தது. சுவார்ட்ஸின் மேற்பார்வையில் வளர்ந்த பையன் அவர். 1798-இல் பட்டத்துக்கு வந்து, 1832-இல் சாகும் வரை நெற்றியில் விபூதியோடு பெரிய கோயிலைக் கும்பிட்ட மகாராஜாவாகவே இருந்தார். சரபோஜி மாறவில்லை, உங்கள் மகளும் மாறமாட்டாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மாறினாலும் அது 24 வயதுப் பெண்ணின் சொந்த விவகாரம். இதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இனி சனிக்கிழமை.

எனக்கும் ஒரு டிகிரி உண்டு. அஞ்சல்வழி பி.ஏ. வரலாறு, மூன்றாம் வகுப்பு. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷத்தில் முடித்தேன். மேடையில் யாராவது என்னை அறிமுகம் செய்யும்போது "பட்டதாரி" என்றால் இன்றைக்கும் காது கொஞ்சம் சூடாகும்.

எண்பதுகளின் நடுவில் பொறையாரில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா படுத்துவிட்டார், கல்லூரி இல்லை. பணம் கட்டினால் பாடம் தபாலில் வரும், வருஷக் கடைசியில் பரீட்சை எழுதினால் போதும் என்றார்கள். உங்களைப் போலத்தான் நானும் நினைத்தேன். எவ்வளவு சௌகரியம்! யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம்.

பார்சல் வந்தது. பழுப்புக் காகிதம், சணல் கயிறு. பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்கலாம் என்று வைத்தேன். இரண்டாவது பார்சலும் வந்தது. மில்லில் கணக்குமேசை உயரம், என் நாற்காலி குள்ளம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பார்சலையும் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். உயரம் கச்சிதமாக இருந்தது.

பரீட்சை மாயவரத்தில். ஊர்ப்பெயர் மயிலாடுதுறை என்று மாறியிருந்தது, எங்கள் வாய்க்கு மாயவரம்தான். முதல் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். முப்பத்தோராவது நிமிடம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மீதித் தாள்களுக்கு ஹாலுக்குப் போகவே இல்லை. ஆனால் மூன்று நாளும் மாயவரத்துக்குப் போனேன், வீட்டில் நம்ப வேண்டுமே. காவேரிக்கரையில் துலாக்கட்டப் படியில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பினேன். அம்மா "எப்படிடா எழுதினே?" என்று கேட்டாள். "நல்லா எழுதியிருக்கேன்" என்றேன். பொய்யைவிட, அன்று அவள் எனக்காகச் சுட்டு வைத்திருந்த பணியாரம்தான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருஷம் நெல் அரைக்க ஒரு வாத்தியார் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் இடைநிலை ஆசிரியர். எஸ்.எஸ்.எல்.சி.யும் ஆசிரியர் பயிற்சியும்தான் அவர் படிப்பு. கூலி கொடுக்க வந்தவர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எதுமேல உக்காந்திருக்கே?"

"பி.ஏ. வரலாறு சார்."

"எந்திரி."

எழுந்தேன். கயிற்றை அவரே அறுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத் திண்ணைக்கு எடுத்து வா என்றார். போனால் இன்னும் நாலு பேர். கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர், ஒரு பஸ் கண்டக்டர், பிரசவ ஆஸ்பத்திரி ஆயா, தபாலாபீசில் தந்தி கொடுக்கிற பையன். ஆளுக்கொரு படிப்பு. ஆயாவுக்கு எட்டாம் வகுப்பு பிரைவேட் பரீட்சை. வாத்தியாருக்கு என் பாடத்தில் பாதி தெரியாது. "எனக்கும் தெரியாது, சத்தமா படி, கேட்போம்" என்பார். ஐரோப்பிய வரலாற்றில் நான் ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக்கைப் படித்தால், ஆயா "அந்தப் படுபாவி கடைசில என்ன ஆனான்?" என்று கேட்பாள். அவள் கேட்பாளே என்பதற்காகவே நான் அடுத்த பாடத்தை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனேன். நான் படித்தேன் என்று சொன்னால் அந்த ஒரு காரணம்தான். பல்கலைக்கழகம் என்னைத் தேடவில்லை. ஆயா தேடினாள்.

ஒரு ஞாயிறு நான் போகவில்லை. மறுநாள் காலை கண்டக்டர் மில் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, பயணிகளை உட்கார வைத்துவிட்டு, "ஏன் வரல?" என்று கத்திவிட்டுப் போனார். இதை எந்தப் போன் செய்யும்? போனில் அறிவிப்பு வரும், நீங்கள் தள்ளிவிடுவீர்கள். நானாக இருந்தால் தள்ளிவிடுவேன். அன்றைக்கு அதுதான் பார்சல், இன்றைக்கு இது. பார்சலின்மேல் உட்காரலாம். போன்மேல் உட்கார முடியாது என்பதைத் தவிரப் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பொறையார் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கும் ஏறக்குறைய 24 வயதுதான், உங்கள் வயது. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. என்ன செய்தார்? ஓர் உள்ளூர் வாத்தியாரைத் தன் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அடுத்த பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது, காகிதத்துக்குப் பொறையாரில் பட்டறை போட்டார்கள். தனியறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரால் கற்றிருக்க முடியாதா? ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் படித்த மனிதர். ஆனாலும் ஆறு வயதுப் பையன்களுக்கு நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உங்களுக்கு ஒரு சிஸ்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார வலிக்கிறது.

கோபப்படாதீர்கள். என் மகளும் உங்கள் கட்சிதான். கொரோனா சமயத்தில் ஒரு வருஷப் படிப்பை மொட்டைமாடியில் போனை வைத்துக்கொண்டே முடித்தாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். "அப்பா, உங்களுக்கு ஒழுக்கம் பத்தல, அதுக்குப் பெரிய தத்துவம் பேசறீங்க" என்கிறாள். இருக்கலாம். அவள் ரகம் வேறு. ஆனால் அவளுக்கு மொட்டைமாடி இருந்தது, "படிக்கிறா, கூப்பிடாதே" என்று கீழே அதட்ட ஒரு தாய் இருந்தாள். உங்கள் கடிதத்தில் படிக்க ஓர் இடம் இருப்பதாகவே தெரியவில்லை. கடை, பஸ், வீடு. அந்த மண்டபத்தைப் படிப்புக்கான தண்டனை என்று நினைக்கிறீர்கள். வாரத்தில் மூன்று மணி நேரம் உங்களை யாரும் "ஏய், இதை எடு, அதை எடு" என்று சொல்லாத ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

போகாமலே சமாளிக்கலாம் என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. நிச்சயம் சமாளிக்கலாம். துலாக்கட்டப் படியில் உட்கார்ந்து நானும் சமாளித்தேன்.

எங்கள் திண்ணையில் ஐந்து பேரில் மூன்று பேர் முடித்தோம். ஆயா எட்டாம் வகுப்பில் இரண்டாம் தடவை தேறினாள், சம்பளம் கொஞ்சம் கூடியது. கண்டக்டர் கடைசிவரை முடிக்கவில்லை, ஆனால் ஷிப்ட் இல்லாத ஞாயிறு ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. தந்திப் பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். மில் இப்போது கல்யாண மண்டபம்.

பஸ் முக்கால் மணி நேரம் என்றால் என்ன? சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் காசு கிடையாது. ஜன்னலோரம் கிடைத்தால் ஒரு பாடம் முடித்துவிடலாம். கடைதான் சிக்கல், அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவளை எந்த முதலாளியும் அனுப்ப மாட்டார். நேராகப் போய், "சனிக்கிழமை நாலரைக்கு விடுங்கள், ஞாயிறு முழு நாள் நிற்கிறேன்" என்று கேளுங்கள். முடியாது என்றால் சிஸ்டரிடம் போய், ஞாயிறு பூசை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். உங்களைப் போலக் கடையில் நிற்கிற பெண்கள் இன்னும் இரண்டு பேராவது அந்தப் பட்டியலில் இருப்பார்கள், சேர்ந்து கேட்டால் நடக்கும். இதைக் கேட்காமலேதான் 'சமாளிக்கலாம்' என்று முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். 471 மார்க் வாங்கியபோதும் வீட்டில் கேட்கவில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம், தென்னை பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். விழுந்த இடத்தில் அப்பா கன்று வைத்தாரா? நெட்டையா, குட்டையா? குட்டை என்றால் இந்நேரம் இளநீர் வெட்டியிருப்பீர்கள். முதல் சனிக்கிழமை போய்விட்டு வந்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.