நோபல் பரிசு வாங்கிய பொருள் என்றால் முன்பணம் கொடுத்துவிடலாமா?

கேள்வி: பெருந்துறையில் சாயப்பட்டறை நடத்துகிறேன். பாய்லரில் ஒரு நாளைக்கு 5 டன் நிலக்கரி எரிகிறது. நோபல் பரிசு பெற்ற நுண்துளைப் பொருள் 200 கிலோ நிரப்பிய பெட்டியைப் புகைபோக்கியில் மாட்டினால் கார்பன் டை ஆக்சைடு முழுவதும் பிடிபடும், கார்பன் கிரெடிட்டிலேயே போட்ட பணம் திரும்பும் என்கிறார் ஒரு ஏஜென்ட். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

நோபல் கதை உண்மைதான். 2025 வேதியியல் பரிசு கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் இந்த எம்.ஓ.எஃப். படிகங்களுக்காகத்தான் (உலோகமும் கரிம மூலக்கூறுகளும் கோத்த நுண்துளைப் பொருள்) கிடைத்தது. சில வகைகளில் ஒரு கிராமின் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானத்தை எட்டும். ஆனால் பரப்பு எவ்வளவு இருந்தாலும் பிடிக்கிற எடைக்கு ஒரு வரம்பு உண்டு. பாய்லர் புகையில் ஒரு கிலோ பொருள் 150 கிராம் வாயுவைப் பிடித்தாலே பெரிய விஷயம், அதாவது உங்கள் 200 கிலோவுக்கு 30 கிலோ. 5 டன் நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ 10 டன் கார்பன் டை ஆக்சைடு வரும், நிமிடத்துக்கு 7 கிலோ. நான்கைந்து நிமிடத்தில் பெட்டி நிறைந்துவிடும். அப்புறம்?

அப்புறம் சூடாக்கியோ வெற்றிடம் கொடுத்தோ வாயுவை வெளியே எடுத்து, பெட்டியை மறுபடி தயார் செய்ய வேண்டும். சூடாக்க நீராவி வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் நிலக்கரி. வெளியே எடுத்த வாயுவை யார் வாங்குவார்கள், எங்கே சேமிப்பது? இதற்குப் பதில் இல்லாமல் விற்கிறவர் உங்களுக்கு இரும்புப் பெட்டியைத்தான் விற்கிறார்.

ஈரம் இன்னொரு வில்லங்கம். வாயு பிடிக்கப் பயன்படும் ஜியோலைட் 13எக்ஸ் என்ற நுண்துளைக் கனிமம் முதலில் தண்ணீரைத்தான் பிடிக்கும், வாயுவுக்கு இடம் மிஞ்சாது. ஈரத்தைத் தாங்குவதில் பெயர் வாங்கிய கால்ஃப்-20 என்ற எம்.ஓ.எஃப். கூட ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்தைத் தாண்டினால் தடுமாறுகிறது. அதைக் கனடாவில் ரிச்மண்ட் சிமென்ட் ஆலையில் சோதித்தபோதே ஒரு நாளைக்கு 1 டன் அளவில்தான் ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய ஆலையில் 1 டன், உங்கள் ஏஜென்ட்டின் பெட்டியில் 10 டன்னா?

கார்பன் கிரெடிட், அதாவது குறைத்த கார்பனுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். பிடித்த வாயு எங்கே போனது என்று அளந்து காட்டாமல் கிரெடிட் கிடையாது. அச்சடித்த சான்றிதழை நீட்டுகிறார்கள், பாய்லரைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். சரி, ஒரு சிறு ஆலைக்காரர் இதையெல்லாம் சோதித்துத் தரச் சொல்லி எந்த அலுவலகத்துக்குப் போவார்? கார்பனைக் குறைக்கச் சொல்லி வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) கேட்கிறார் என்று பயந்து, விற்பவன் சொல்வதையே நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு இதில்தான் கோபம்.

ஒரு இடத்தில் வாயு பிடிக்கும் நுண்துளைப் பொருள் நன்றாகவே வேலை செய்கிறது: சாண எரிவாயு. ஜவ்வரிசி ஆலைக் கழிவு, கோழி எரு ஆகியவற்றிலிருந்து வரும் வாயுவில் 30 முதல் 40 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு இருக்கும், பாய்லர் புகையில் 12 முதல் 15 சதவீதம்தான். அங்கே சாம்பல் இல்லை, புகையின் சூடு இல்லை. முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடை முதலில் எடுத்து, ஈரத்தையும் உலர்த்திவிட்டால், அழுத்தத்தை ஏற்றி இறக்கியே மீத்தேனைச் சுத்தமாகப் பிரிக்கலாம். மிஞ்சும் மீத்தேன் விலைபோகும் என்பதால் கணக்கும் உதைக்காது. ஆனால் அது உங்கள் பாய்லர் இல்லை.

அந்த முன்பணத்தில், நீராவி குளிர்ந்து வரும் கண்டன்சேட் நீரைப் பாய்லருக்குத் திருப்பும் குழாயைச் சரி செய்யுங்கள், நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் டிராப்புகளைப் பாருங்கள், புகையின் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் எகனாமைசர் இல்லையென்றால் போடுங்கள். எரிக்காமல் மிச்சமான ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் பில் இருக்கும், பையரிடம் அதைக் காட்டுங்கள்.