படலைக்குள் விழும் நோட்டிஸ்: வாசகர் கேள்வி-பதில்

காலையில் படலையைத் திறந்தால் ரியூசன், குழாய்க்கிணறு, நகைக்கடை என்று நாலைந்து நோட்டிஸ் கிடக்கிறது. நிறுத்த வழி உண்டா? (கோண்டாவில்)

தபாற்காரரைக் குறை சொல்ல முடியாது. இலங்கையில் 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரைக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏறியது. ஆயிரம் வீட்டுக்கு முத்திரை ஒட்டுவதைவிட ஒரு பெடியனைச் சைக்கிளில் அனுப்புவது கடைக்காரருக்கு மலிவு. ஆகவே படலையில், கண் மட்டத்தில், “நோட்டிஸ் போட வேண்டாம்” என்று தமிழில் எழுதி வையுங்கள். எல்லோரும் மதிக்கமாட்டார்கள். அப்படியும் வருகிற நோட்டிஸில் இருக்கும் இலக்கத்துக்கே அழைத்து, ஒழுங்கையின் பெயரைச் சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள். பெடியனோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. கையிலுள்ள கட்டு முடிந்தால்தான் அவனுக்குக் காசு.

பேப்பருக்குள் செருகி வருவது வேறு. பேப்பர் போடுபவரிடம் உருவிவிட்டுத் தரச் சொல்லுங்கள். மாதக் காசு கொடுக்கும்போது சொன்னால் காதில் ஏறும்.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதென்றால் பக்கத்து வீட்டாரிடம் பொறுக்கி எடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். மழையில் ஊறிச் சீமெந்தில் ஒட்டிக் கிடக்கும் ஒரு கிழமை நோட்டிஸைப் பார்த்தாலே வீட்டில் ஆளில்லை என்று கள்ளனுக்கு விளங்கிவிடும்.

என் போன் இலக்கம் இவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? ஒரே விளம்பர மெசேஜ். (திருநெல்வேலி)

அநேகமாக நீங்களே கொடுத்திருப்பீர்கள். தீபாவளிக்குப் புடவைக் கடையில் பில்லோடு ஒரு கூப்பன் தருவார்கள். பெயர், விலாசம், போன் இலக்கம், சிலவற்றில் பிறந்த திகதியும். மோட்டார் சைக்கிள் பரிசு என்றதும் வரிசையில் நின்று நிரப்புகிறோம். பரிசு ஒருவருக்கு, மெசேஜ் எல்லோருக்கும். நல்லூர்த் திருவிழாக் கால ஸ்டால்களிலும் இதே கூத்துத்தான். இனி நிரப்பாதீர்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே வருபவற்றுக்கு, மெசேஜின் கடைசி வரியில் நிறுத்தும் முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி இன்றைக்கே மெசேஜ் நிற்குமென்று காத்திருக்க வேண்டாம்.

தபாலில் பார்சல் நிற்கிறது, காசு கட்ட இந்த லிங்கை அழுத்துங்கள் என்று வந்தால் அது விளம்பரமல்ல, மோசடி. அழுத்தாமல் அழித்துவிடுங்கள். அழுத்திவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்திலும் முறையிடலாம்.

சேர்ந்த கடிதங்களைப் பழைய பேப்பரோடு நிறுக்கலாமா? (சாவகச்சேரி)

நோட்டிஸை நிறுங்கள். வங்கி, காப்புறுதிக் கடிதங்களை மட்டும் பெயர், கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் உள்ள பகுதியைக் கிழித்தெடுத்த பிறகு போடுங்கள். பழைய பேப்பர் எங்கே போகிறதென்று தெரியும்தானே: கச்சான் வாங்கிச் சரையைப் பிரித்தால் யாரோ ஒருவரின் கணக்கு மீதியை வாசிக்கலாம். பளபளப்பான தாளை வளவுக்குள் கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை பிள்ளைகளுக்குக் கூடாது.

அப்பா இறந்த பிறகும் அவர் பெயருக்குக் கடிதம் வருகிறது. (மானிப்பாய்)

உறையைத் திறக்காமல் “முகவரிதாரர் காலமாகிவிட்டார்” என்று எழுதித் தபாற்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வங்கிக்கும் காப்புறுதிக்கும் இது போதாது. இறப்புச் சான்றிதழின் பிரதியோடு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

லண்டனில் மகன் வீட்டிலும் இதே தொல்லை. அங்கே என்ன வழி? (உரும்பிராய்)

அங்கே முறை இருக்கிறது. அங்கத்தைய தபால் சேவையான ரோயல் மெயிலின் ‘டோர் டு டோர்’ மறுப்புப் படிவத்தை நிரப்பினால் பெயரில்லாத விளம்பரங்களைத் தபாற்காரர் போடமாட்டார். ‘மெயிலிங் பிரெஃபரன்ஸ் சேர்விஸ்’ என்ற சேவையில் பதிந்தால் பெயரோடு வருவது குறையும். பதிவு இலவசம், பலன் தெரியச் சில மாதம் எடுக்கும். பீட்சாக் கடைக்காரன் கையால் போடுவதற்கு இரண்டும் உதவாது. அதற்கு அங்கேயும் கதவில் எழுதி ஒட்டத்தான் வேண்டும்.