கியோன் திருவிழாவுக்கு கிமோனோ வாங்கணுமா?

ஜூலைல ஜப்பானோட கியோட்டோல நடக்குற கியோன் திருவிழாவுக்கு கிமோனோ வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க, வேண்டாங்க, யுகாத்தா வாங்குங்க, அது கோடைக்குப் போடுற மெல்லிசான கிமோனோ மாதிரி. கிமோனோன்னா பெரும்பாலும் பட்டு, உள்ள இன்னொரு அடுக்கு வேற, ஜூலை புழுக்கத்துல தாங்காது. யுகாத்தா ஒத்தை அடுக்கு பருத்தி, வீட்லயே துவைச்சுக்கலாம், 14லேருந்து 16ம் தேதி வரைக்கும் சாயங்காலம் தெருவுல நிறைய பேர் அதைத்தான் போட்டுக்கிட்டு சுத்துவாங்க.

யுகாத்தா, இடுப்புல கட்டுற ஓபி, கெத்தா மரச்செருப்பு எல்லாம் சேர்ந்த செட்டு கோடையில பெரிய சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது பழைய துணிதான், மாசாமாசம் 21ம் தேதி தோஜி கோயில்லயும் 25ம் தேதி கிதானோ தென்மாங்கூ கோயில்லயும் சந்தை கூடும், அங்க பொறுமையா குவியலைக் கிளறுனா அருமையான டிசைன்லாம் மாட்டும். ஜூலை 17ம் தேதி நடக்குற திருவிழா தேர் ஊர்வலத்துக்கு வேணும்னா ஜூன் சந்தைலயே வாங்கிடுங்க.

அளவுதான் முக்கியம். பெண்கள்து நீளமா இருந்தா இடுப்புல மடிச்சு ஓபிக்கு கீழ விட்டுக்கலாம், ஆண்கள்துல அந்த மடிப்பு கிடையாது, கணுக்கால் வரைக்கும் சரியா இருக்கணும், அதனால உயரமானவங்க போட்டுப் பாக்காம வாங்காதீங்க. ஓபி முடிச்சு வராதுன்னா முன்னாடியே முடிச்சு போட்டு வர்றதும் விக்கிறாங்க, தாராளமா வாங்கலாம்.

போடும்போது முன்பக்கத் துணில இடது பக்கம்தான் வலதுக்கு மேல வரணும், ஆணோ பெண்ணோ அப்படித்தான், வலது மேல வந்தா அது இறந்தவங்களுக்கு உடுத்துற முறை, தயவுசெஞ்சு கண்ணாடில ஒரு தடவை பாத்துக்கோங்க. கெத்தாவை மட்டும் ரெண்டு மூணு நாள் முன்னாடியே வீட்ல போட்டு நடந்து பழகுங்க, இல்லன்னா வார் உரசி விரலிடுக்கு புண்ணாயிடும்.