கிறிஸ்துமஸுக்கு வெளியூர்: முதலில் கோயிலைப் பாருங்கள், அப்புறம் ரூமைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் மதுரை ஞானஒளிவுபுரத்தில் இருக்கிறோம். நான், கணவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். கல்யாணம் ஆன நாளில் இருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸும் எங்கள் வீட்டில்தான். 22ஆம் தேதியே பலகாரம் சுட ஆரம்பித்தால், 25ஆம் தேதி ராத்திரி கடைசி விருந்தாளி கிளம்பும்வரை எனக்கு அடுப்படிதான். இந்த வருடம் எங்காவது போகலாம் என்று கேட்டேன். கணவர் கொடைக்கானலில் சமையலறையோடு காட்டேஜ் பார்க்கலாம் என்கிறார், செலவு குறையுமாம். பிள்ளைகளும் கொடைக்கானல்தான் கேட்கிறார்கள். மாமியாரோ, "நல்ல நாளும் அதுவுமா வீட்டைப் பூட்டிட்டு யாராவது போவாங்களா" என்கிறார். மாமனாருக்கு வீசிங் உண்டு, மாமியாருக்கு மூட்டுவலி. எங்கே போகலாம், எப்போது புக் செய்ய வேண்டும், நள்ளிரவுப் பூசையை விடாமல் இதெல்லாம் முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு இந்த டிசம்பரில் கொடைக்கானல் வேண்டாம், சமையலறை உள்ள காட்டேஜ் எந்த ஊரிலுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

மதுரையில் குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் வேலை. டிசம்பர் மாதம் வரும் ஃபோன்களில் பாதி உங்கள் கேள்வி மாதிரிதான் இருக்கும். கேட்பவர் பெரும்பாலும் வீட்டு மருமகள். அவருக்கு வேண்டியது ஊர் சுற்றல் இல்லை, ஓய்வு. சமையலறை உள்ள காட்டேஜை எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? காரின் டிக்கியில் குக்கரும் அரிசியும் மசாலாப் பொடியும் ஏறும். 25ஆம் தேதி காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு, பழக்கமில்லாத அடுப்பில், கத்திகூட சரியாக இல்லாத சமையலறையில் நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டிலாவது மிக்ஸி இருந்தது. அதனால் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: காலை டிபன் ரூம் வாடகையிலேயே சேர்ந்திருக்கும் ஹோட்டல்தான் வேண்டும். செலவு கூடினால் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, உங்கள் அத்தை சொல்வதை வெறும் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பண்டிகை நாளில் உங்கள் வீட்டை நம்பி யார் யார் வருகிறார்கள் என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரியம்மா இருப்பார், தனியாக வாழும் ஒரு சித்தப்பா இருப்பார். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு அவர்களுக்கு உங்கள் வீட்டில்தான். அத்தையின் மனசில் உறுத்துவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் அன்றைக்கு வேறு எந்த வீட்டில் அவருக்கு இலை போடுவார்கள் என்பதை முன்பே பேசி வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் டிக்கெட் போடாதீர்கள்.

மற்றவர்களுக்கு நாள் இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருவிழாவரை குடிலைக் கலைக்க மாட்டோம் இல்லையா? அதுவரை கிறிஸ்துமஸ் காலம்தான். வருடப்பிறப்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு 23ஆம் தேதி சாயங்காலமே போய்விடட்டும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குத் தட்டு வந்திருக்கிறது, அந்தக் கடனை ஊருக்குப் போகும் அவசரத்தில் விடக்கூடாது. முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு எல்லாவற்றையும் இந்த ஒரு வருடம் ஆர்டர் கொடுத்து வாங்குங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் துணியும் பணமும் நீங்கள் கிளம்பும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.

சரி, எங்கே போவது?

கொடைக்கானலை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் ராத்திரி 10 டிகிரிக்கும் கீழே இறங்கும், பல விடுதிகளில் ஹீட்டர் கிடையாது. வீசிங் உள்ள பெரியவரை அந்தக் குளிரில் நள்ளிரவுப் பூசைக்குக் கூட்டிப்போவது சரியில்லை. இன்னொன்று வழி. மதுரையில் இருந்து வத்தலக்குண்டு வழியாக 120 கிலோமீட்டர் அளவு, மற்ற நாட்களில் மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் பெருமாள்மலை தாண்டியதும் வண்டி நகராது. வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில், சுங்கச்சாவடிக்கு முன்னால், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், முன்னால் டெம்போ டிராவலர் ஒன்று, பின்னால் பஸ் ஒன்று. சின்னவன் பாத்ரூம் என்பான், இறங்க இடம் இருக்காது. மூட்டுவலிக்காரருக்குக் காலை நீட்டவும் வழி இல்லை.

பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். பொங்கல் கூட்டம் வருவதற்கு முன்னால், ஜனவரி இரண்டாவது வாரத்தில் நீங்கள் நால்வரும் மட்டும் போய்வாருங்கள். உறைபனி பார்க்க அதுதான் நல்ல நேரம், வாடகையும் இறங்கியிருக்கும். சொந்தக் காரில் போனால் இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதம் முதல் இருக்கிறது. வண்டி நம்பர் கொடுத்து ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். பஸ்ஸில் போனால் தேவையில்லை. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே தடை.

மூணாறும் தேக்கடியும் பலர் கேட்கும் ஊர்கள்தான். ஆனால் அது சபரிமலை சீசன். டிசம்பர் 26, 27 வாக்கில் மண்டல பூஜை வரும்வரை கம்பம், குமுளி ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். அவர்கள் விரதத்தோடு போகும் வழி அது. நாம் வேறொரு நாள் போய்க்கொள்ளலாம்.

வேளாங்கண்ணி என்றால் அத்தை உடனே சரி என்பார். கோயிலை ஒட்டியே தங்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ரோட்டுப் பயணம், அன்றைக்குக் கூட்டமோ கடல் மாதிரி இருக்கும். பெரும்பாலும் திறந்தவெளியில், பனியில் உட்கார வேண்டியிருக்கும். மாமாவை நினைத்துத்தான் இதையும் தள்ளி வைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது நாகர்கோவில். கன்னியாகுமரி இல்லை, நாகர்கோவில். கன்னியாகுமரியிலும் நவம்பர் நடுவில் இருந்து ஜனவரி 20 வரை ஐயப்ப சீசன் என்பதால் ரூம் வாடகை ஏறிக் கிடக்கும். நாகர்கோவிலில் இருந்து அது 20 கிலோமீட்டர்தான். மாவட்ட மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அதனால் ஊரே பண்டிகையில் இருக்கும். வீட்டை விட்டு வந்துவிட்டோமே என்ற எண்ணம் அத்தைக்கு வராது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் பொதுநிலையினரில் இருந்து, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில் இருந்து, முதலில் புனிதர் பட்டம் பெற்றவர் அவர். அவர் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலை ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில். இதை உங்கள் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். பண்டிகை நாளில் ஊர் சுற்றப் போகிறோம் என்பது ஒரு பேச்சு, கோட்டாறு கோயிலில் பூசை காணப் போகிறோம் என்பது வேறு பேச்சு. இரண்டாவதுதான் உண்மையும்கூட.

ரயிலில் போங்கள். நாலு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். பெரியவர்கள் எழுந்து நடக்கலாம், பாத்ரூம் உண்டு. ரயில்வே முன்பதிவு 2024 நவம்பரில் இருந்து 60 நாள்தான், பழைய 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். டிசம்பர் 24 டிக்கெட் அக்டோபர் 25 காலை 8 மணிக்குத் திறக்கும். 27ஆம் தேதி திரும்புவதற்கு அக்டோபர் 28. அரையாண்டுப் பரீட்சை பொதுவாக 23 வாக்கில் முடியும், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருந்து நாகர்கோவில் போகும் வந்தே பாரத் மதுரையில் நிற்கும், ஆனால் வாரத்தில் எல்லா நாளும் ஓடாது, கிழமை பாருங்கள். தட்கலை நம்பி ஆறு பேர் கிளம்பக்கூடாது.

ரூமை செப்டம்பரிலேயே பிடியுங்கள். இப்போது முக்கியமான விஷயம். தேடும்போது முதலில் வரைபடத்தில் கோயிலை வையுங்கள், அதைச் சுற்றி ரூம் தேடுங்கள். அத்தை நடந்துபோகிற தூரமாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆட்டோவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நள்ளிரவில் பூசை முடிந்து ஆட்டோ தேடுவது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். புக் செய்யும் முன் ஹோட்டலுக்கு ஃபோன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, "24ஆம் தேதி காலா டின்னர் கட்டாயமா?" பல ரிசார்ட்டுகளும் பெரிய ஹோட்டல்களும் கிறிஸ்துமஸ் முந்தின இரவுக்கும் டிசம்பர் 31க்கும் விருந்து, டிஜே என்று தலைக்கு ஒரு தொகையை வாடகைக்கு மேல் வைப்பார்கள். ஆன்லைன் பக்கத்தில் அது சின்ன எழுத்தில் அடியில் கிடக்கும். நீங்கள் பூசைக்குப் போகிறவர்கள், அந்தப் பணம் வீண். இரண்டு, "ராத்திரி 2 மணிக்குத் திரும்பி வந்தால் கேட் திறப்பீர்களா?" சின்ன லாட்ஜ்களில் பத்தரைக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் படுத்துவிடுவார். வயசானவர்களோடு தெருவில் நிற்கக் கூடாது. கீழ்த்தளத்தில் ரூம், இல்லையென்றால் லிஃப்ட், அப்புறம் வெஸ்டர்ன் டாய்லெட். இதெல்லாம் அத்தைக்காக.

24ஆம் தேதி போய் இறங்கியதும் எல்லோரும் படுத்துத் தூங்குங்கள், எங்கும் போக வேண்டாம். பூசை நேரத்தை ஒரு வாரம் முன்பே கோயிலின் பங்கு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போனால்தான் அத்தைக்கு நாற்காலி கிடைக்கும். மாமாவின் இன்ஹேலர் பையில் இல்லை, சட்டைப் பையில் இருக்கட்டும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் இதே ஏற்பாட்டை அதிகாலை ஆராதனைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

25ஆம் தேதி மதியம் பல சாப்பாட்டுக் கடைகள் அடைத்திருக்கும், அவர்களுக்கும் பண்டிகைதானே. பிரியாணியை 24ஆம் தேதியே சொல்லி வையுங்கள். சாயங்காலம் ஒரு வண்டி பேசிக்கொண்டு குடில் பார்க்கப் போங்கள். இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் குடிலும் விளக்கலங்காரமும் போட்டி போட்டு வைப்பார்கள், எந்த ஊரில் நன்றாக இருக்கிறது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வண்டி பேசும்போது அந்த டிரைவருக்கும் அன்று கிறிஸ்துமஸா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர நேரம் விட்டு, 5 மணிக்கு வரச் சொல்லுங்கள்.

26ஆம் தேதி காலையில் கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு 7 மணிக்கே வரிசையில் நின்றால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். பாறையில் இருந்து திருவள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலம் 77 மீட்டர், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பிள்ளைகள் கொடைக்கானலை மறக்க அது போதும். அத்தை, மாமா கரையிலேயே இருக்கட்டும், படகில் ஏறி இறங்குவது முழங்காலுக்குக் கஷ்டம். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், வற்புறுத்தாதீர்கள்.

அதே நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் அன்று வீட்டுக்கு வீடு இறந்தவர்களுக்கான ஜெபம் நடக்கும். அந்தப் பக்கம் சுற்றிப் பார்ப்பதை 25ஆம் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். 26 அன்று போக நேர்ந்தால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள், பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.

27ஆம் தேதி ரயில் மதியத்துக்கு மேல் என்றால் காலையில் காற்றாடிமலை போய்வரலாம். மலையேற்றம் உண்டு என்பதால் பெரியவர்கள் அடிவாரத்தில் ஜெபித்துக்கொள்ளட்டும்.

வீட்டைப் பற்றி: கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள், பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள், நகையை லாக்கரில் வையுங்கள், பக்கத்துக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். ஸ்டாரையும் சீரியல் செட்டையும் எரியவிட்டுப் போகாதீர்கள், டிசம்பர் மழையில் ஒயர் நனைந்தால் ஆபத்து. தெருவில் எல்லா வீட்டு ஸ்டாரும் எரிய உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தால், நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் வாசல் சாவியைக் கொடுத்து, சாயங்காலம் போட்டு, படுக்கும் முன் அணைக்கச் சொல்லுங்கள்.