மடிப்பதற்கு முன்பே கனவடிவத்தைச் சொல்வது எப்படி?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், வலைப் படத்தில் (மடித்தால் கனவடிவமாகும் தட்டையான படம்) ஆறு சதுரம் இருந்தாலே கனச்சதுரம் என்று எழுதிவிடுகிறாள். பல விடைகள் தவறாகின்றன. மடிக்காமலே சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு. முகங்களை எண்ணுவது தேவைதான், ஆனால் அது போதாது. எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்தால் 35 விதமான உருவங்கள் வரும். அவற்றில் 11 மட்டுமே கனச்சதுரமாக மடியும்.

நடுவில் உள்ள ஒரு சதுரத்தில் ‘அடி’ என்று எழுதச் சொல்லுங்கள். அதை ஒட்டியிருப்பவை எழுந்து சுவர்களாகும். சுவரைத் தாண்டி அதே நேர்க்கோட்டில் இருப்பது மூடி. உதாரணமாக, ஒரே வரிசையில் 1, 2, 3, 4 என்று நான்கு சதுரங்கள். 1-க்கும் 3-க்கும் மேலே தலா ஒன்று. 2-ஐ அடியாக வைத்தால் 1 இடச்சுவர், 3 வலச்சுவர், 4 மூடி. மேலே இருக்கும் இரண்டுமே பின்சுவருக்குத்தான் போகும். முன்பக்கம் திறந்தே கிடக்கும். ஆறு சதுரம் இருந்தும் இது கனச்சதுரம் ஆகாது. இரண்டில் ஒன்றை வரிசைக்குக் கீழே மாற்றினால் சரியாக மூடும்.

பார்த்தவுடன் தள்ளிவிட வேண்டியவையும் உண்டு. ஒரே வரிசையில் ஐந்து சதுரங்கள் வந்தால் ஐந்தாவது முதலாவதன் மேல் விழும். நான்கு சதுரங்கள் ஒரு புள்ளியில் கூடினாலும் மடியாது, ஏனென்றால் கனச்சதுரத்தின் ஒரு முனையில் மூன்று முகங்கள்தான் கூடும்.

மற்ற வடிவங்களில் முகத்தின் வகையே பாதி விடையைச் சொல்லிவிடும். இரண்டு முக்கோணம், மூன்று செவ்வகம் என்றால் முக்கோணப் பட்டகம். செவ்வகங்கள் ஒரே பட்டையாக இருந்தால் முக்கோணங்கள் பட்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். அவற்றின் பக்கங்கள் 3, 4, 5 செ.மீ. என்றால் செவ்வகங்களின் அகலமும் 3, 4, 5 ஆக இருக்க வேண்டும். ஒரு சதுரமும் நான்கு முக்கோணமும் சதுரப் பிரமிடு. அடிப்பக்கம் 4 செ.மீ. என்றால் முக்கோணத்தின் உயரம் 2 செ.மீ.க்கு மேல் இல்லாவிட்டால் உச்சி எழாது. செவ்வகமும் இரண்டு வட்டமும் உருளை: ஆரம் 3.5 செ.மீ. எனில் வட்டத்தைச் சுற்றிவரும் பக்கம் ஏறத்தாழ 22 செ.மீ. இருக்கும். கூம்புக்கு ஒரு வட்டமும், விசிறி போன்ற ஒரு வட்டக்கோணப் பகுதியும்.

படத்தில் பழகும் முன் கையால் சிலவற்றைச் செய்வது மிக நல்லது. தடித்த தாளில் 3 செ.மீ. சதுரங்கள் வரைந்து, மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் வைத்து மடிப்புக் கோட்டில் அழுத்தி இழுங்கள். மடிப்பு நேராக வரும். கனச்சதுர வலையின் வெளி விளிம்புகள் 14. ஒன்று விட்டு ஒன்றாக 7 ஒட்டுப்பட்டைகள் வைத்தால் போதும், எந்த இடத்திலும் இரண்டு பட்டைகள் மோதாது.